கிலோவுக்கு இரண்டு றாத்தல்

யாழ்ப்பாணக் கடனீரேரியின் கரையிலே உள்ளது எங்கள் ஊர். ஊரின் பெயரை இங்கே எழுதாமல் விடுகின்றேன். எழுதினால் வேறு சிலருடைய பெயர்களும் தாமாகவே வெளிப்பட்டுவிடும். கோவிலுக்கும் கடலுக்கும் இடையிலே ஒரு மணல் ஒழுங்கை. அதன் இரு மருங்கிலும் ஓலை வேலிகள். வேலிகளிலே காயும் வலைகள். அதிகாலைப் பூசைக்கு மணி அடிக்கும் வேளையிலே, இரவு தொழிலுக்குப் போனவர்கள் வள்ளங்களைக் கரைக்குத் தாங்கிக்கொண்டு வருவார்கள். மணியோசை நீரின்மேல் வந்து காதில் விழுந்ததும் மரக்கோலை ஒரு கையிற் பிடித்துக்கொண்டு மறு கையாற் சிலுவை அடையாளம் வரைவார்கள். என் தந்தையாரும் அவ்வாறு செய்தவரே. கோவில் எது, தொழில் எது என்று அவர் பிரித்து அறிந்தாரென்று நான் நினைக்கவில்லை. அந்தப் பிரிவினையைக் கற்றுக்கொண்டவன் நான்.

கிறிஸ்துநாதரின் சீடனாக வாழ்வது எப்படி என்பதைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருக்கின்றேன். ஞான ஒடுக்கங்களிலே குறிப்பெழுதியும் வைத்திருக்கின்றேன். ஆயினும் அந்தக் கேள்வி என்னை வந்து பற்றிக்கொண்டது பிரசங்க மேடையிலிருந்து அன்று, ஒரு தராசிலிருந்து. அந்தக் கதையையே இங்கே எழுதத் துணிகின்றேன். அதிலே நான் நல்லவனாகத் தோன்றமாட்டேன், வாசகர்கள் பொறுத்தருள்க.

நான் 1951ஆம் ஆண்டிலே பிறந்தவன். கையெழுத்து நன்றாயிருந்தமையால் என்னைக் கடலுக்கு விடாமல் படிக்க வைத்தார்கள். அந்தக் கையெழுத்தே எனக்கு வேலையும் தேடித் தந்தது. எங்கள் கரையிலே இறால் வாங்கிக் கொழும்புக்கு அனுப்பும் வாடியொன்றிலே கணக்கப்பிள்ளையானேன். தொழிலாளர் கொண்டு வரும் இறாலை நிறுப்பது, கொப்பியிலே பதிவது, சனிக்கிழமைதோறும் காசு எண்ணிக் கொடுப்பது, இவைதாம் என் கடமைகள். மாரி காலத்து இருட்டு நாட்களிலே இறால் நன்றாகப் படும். விடியுமுன் ஐஸ் பெட்டிகள் நிறையும்; லொறி புறப்படும்; நான் கை கழுவிவிட்டுப் பூசைக்குப் போவேன்.

எழுபதுகளிலே நம் நாட்டில் றாத்தலும் அவுன்சும் மெல்ல மறைந்து கிலோக்கிராம் வந்தது. எங்கள் வாடிக்குப் புதிய தராசு வந்து சேர்ந்தது 1976ஆம் ஆண்டிலே. அன்று காலை முதலாளி கரையிலே நின்று, எல்லாரும் கேட்க, “இனிமேல் கிலோதான். ஒரு கிலோ எண்டால் இரண்டு றாத்தல். ஒருதருக்கும் பயம் வேண்டாம்” என்றார். தலைகள் அசைந்தன. கணக்கு எளிதாயிருந்தது. றாத்தலுக்கு என்ன விலையோ அதை இரண்டாற் பெருக்கிக் கிலோவுக்கு விலை போட்டேன்.

ஆனால் ஒரு கிலோ இரண்டு றாத்தல் அன்று. இரண்டு றாத்தலும் மூன்று அவுன்சுக்குச் சற்று அதிகமுமாகும். நூறு கிலோ இறால் நிறுத்தால் அது 220 றாத்தல். நாங்கள் கொடுத்தது 200 றாத்தலுக்குரிய காசு. இரவு முழுவதும் நெஞ்சளவு நீரில் நின்று இரண்டு கிலோ பிடித்து வருகிறவன், ஒவ்வொரு விடியற்காலையிலும் ஆறரை அவுன்ஸ் இறாலை ஒருவருக்கும் தெரியாமல் எங்களுக்கு இனாமாகத் தந்துவிட்டுப் போனான். ஒரு பருவத்திலே அறுபது இரவுகள் என்று கொண்டால் 24 றாத்தலுக்கு மேல். ஆறு பருவங்களுக்கு 147 றாத்தல். இந்தக் கணக்கு எனக்கு முதல் நாளே தெரியும். பள்ளிக்கூடத்துக் கொப்பியின் பின்னட்டையிலே அச்சிட்டிருந்த வாய்பாட்டில் நானே பார்த்தேன். பார்த்துவிட்டுப் பேசாமலிருந்தேன்.

ஒருவரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். “கிலோவுக்கு இரண்டு றாத்தல்” என்பது அக்காலத்திலே கடைத்தெருவெங்கும் வழங்கிய பேச்சு. சீனிக்கும் அப்படித்தான், வெங்காயத்துக்கும் அப்படித்தான். எல்லாரும் சொல்வது பொய்யாகத் தோன்றுவதில்லை. என் பேனையும் நடுங்கவில்லை.

இனி என் பக்தியைப் பற்றியும் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசையிலே வாசகம் வாசிப்பவன் நான். தபசு காலத்திலே வியாகுல பிரசங்கம் படிக்கும் கூட்டத்திலும் ஒருவன். அத்துடன், எங்கள் பங்கின் வின்சென்ட் டி போல் சபைக்குக் காரியதரிசி. அந்தச் சபையின் வரலாறு எனக்கு மனப்பாடம்: 1833ஆம் ஆண்டு பாரிஸ் நகரிலே, இருபது வயதுக் கல்லூரி மாணவனாயிருந்த பிரெடெரிக் ஒசானாம் தன் தோழர் சிலரோடு தொடங்கியது; ஏழைகளின் வீட்டுக்கு நேரிலே சென்று உதவுவதே அதன் முறை. நாங்களும் அப்படியே சென்றோம். 1979ஆம் ஆண்டு தொழிலுக்குப் போன ஒருவர் மாரிக் காற்றிலே வள்ளம் கவிழ்ந்து இறந்துபோனார். அவர் மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் வாரம் இரண்டு கொத்து அரிசி கொடுப்பதென்று தீர்மானம் எழுதியவனும், அரிசியைச் சைக்கிளிற் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தவனும் நானே. அந்த அம்மா கண் கலங்க வாங்குவார். எனக்கும் நெஞ்சு நிறையும். இறந்தவருடைய பெயர் என் இறாற் கொப்பியிலே மூன்று பருவங்கள் இருந்தது என்பதும், அவர் கணக்கிலே மட்டும் 73 றாத்தல் இறாலை நான் எழுதாமல் விட்டிருந்தேன் என்பதும் எனக்கு நினைவுக்கு வரவேயில்லை. வேறொரு மேசையிலே, வேறொரு கொப்பியிலே எழுதிய கணக்கல்லவா அது?

நினைவு வந்தது 1982ஆம் ஆண்டுப் பெரிய வியாழக்கிழமை மாலையிலே. அன்றைய பூசையில் குருவானவர் பன்னிரண்டு பேருடைய பாதங்களைக் கழுவும் சடங்கு நடைபெறுவதை யாவரும் அறிவர். அதை மாலைப் பூசையோடு இணைத்தவர் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர். 1955ஆம் ஆண்டின் ஒழுங்கு அது. அவ்வாண்டு பன்னிருவருள் ஒருவனாக என்னையும் தெரிந்திருந்தார்கள். எனக்குப் பக்கத்து வாங்கிலே இருந்தவர் ஒரு முதிய தொழிலாளி. ஊரிலே எல்லாரும் அவரைப் பெரியையா என்றே அழைப்போம். நான் வெள்ளை வேட்டி கட்டி, காலைச் சவர்க்காரம் போட்டு உரஞ்சிக் கழுவிக்கொண்டு வந்திருந்தேன். அவரும் கழுவித்தான் வந்திருந்தார். ஆனால் அந்தக் கால்கள் கழுவுதற்கு அடங்குவன அல்ல. உப்பு நீரிலே ஊறி வெடித்த குதிகள். பெருவிரலின் அருகே திருக்கை முள் ஏறிய பழைய வடு. சுவாமியார் முழந்தாளிட்டு அந்தப் பாதத்தைக் கையிலேந்தியபோது, நான் அதற்குப் பக்கத்திலே என் பாதத்தை வைத்துக்கொண்டிருந்தேன். அன்று விடியற்காலை அவர் கொண்டுவந்தது மூன்று கிலோ. ஆறு றாத்தல் என்று எழுதியிருந்தேன்.

என் முறை வந்ததும் நான் காலை இழுத்துக்கொண்டேன். இராயப்பரைப் போல நடிக்கிறேன் என்று எண்ணிப் பின்னாலிருந்தவர்கள் மெல்லச் சிரித்தார்கள். சுவாமியார் சிரிக்கவில்லை, காலைப் பிடித்துக் கழுவிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

மறுநாள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பாவசங்கீர்த்தன இரகசியம் குருவைக் கட்டுமேயன்றிப் பாவியைக் கட்டாது. ஆகையால் அங்கே நடந்ததை நான் சொல்லலாம். எல்லாவற்றையும் சொல்லி முடித்து, “சுவாமி, அந்தக் காசு எனக்கு வரேல்லை. முதலாளிக்குத்தான் போனது” என்றேன்.

“எழுதின கை ஆற்றை?” என்று கேட்டார் சுவாமியார்.

பின்பு அவர் சொன்னவை எனக்குப் புதியவை. அல்லது, படித்திருந்தும் எனக்கென்று நான் எடுத்துக்கொள்ளாதவை. பிறர் பொருளைக் கவர்ந்தவன் மனம் வருந்துவது மட்டும் போதாது. கவர்ந்ததை உரியவனிடம் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். உரியவன் இறந்திருந்தால் அவன் வாரிசுக்கு. தேடியும் கிடைக்காவிட்டால் ஏழைக்கு. இது திருச்சபையின் பழைய போதனை. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் இதைப் பற்றி எழுதுகையில், தானே கையால் எடுக்காமலே களவுக்குத் துணையாகும் ஒன்பது வழிகளை ஆராய்கின்றார். ஏவியவன், ஆலோசனை சொன்னவன், சம்மதித்தவன், புகழ்ந்து தூண்டியவன், புகலிடம் கொடுத்தவன், பங்கு பற்றியவன் என்று போகும் அந்த வரிசையிலே, சொல்லவேண்டிய இடத்திற் பேசாதிருந்தவனும் இருக்கிறான். ஒன்பதிலே எனக்கு எத்தனை பொருந்தும் என்று நான் அங்கேயே எண்ணத் தொடங்கினேன். கணக்கப்பிள்ளையின் பழக்கம் அவ்வளவு இலகுவிற் போவதில்லை.

“முதலாளி குடுக்க வேண்டியது முதலாளியின்ரை பாடு. அவர் குடாட்டில் அது உன்னிலையும் வரும். வருசா வருசம் நத்தாருக்கு உனக்கு ஒரு மாதச் சம்பளம் சும்மா தாறவரல்லோ? அதிலையிருந்து தொடங்கு” என்றார் சுவாமியார். நான் எழுந்தபோது இன்னும் ஒன்று சொன்னார்: “தம்பி, மன்னிப்பு இலவசம். இறால் இலவசமில்லை.”

அதன்பின் சில வாரங்கள் நான் சுவிசேஷத்தை ஒரு கணக்குப் புத்தகம்போலப் படித்தேன் என்று சொன்னால் மிகையாகாது. வரி தண்டும் தொழிலைச் செய்த இருவர் அதிலே வருகிறார்கள். ஒருவர் மத்தேயு, சுங்கத்துறையிலே இருந்தவரைச் சேசுநாதர் அழைத்ததும் எழுந்து போய்விட்டார். மற்றவர் சக்கேயு, அவர் மரத்திலிருந்து இறங்கி, பாதிச் சொத்து ஏழைகளுக்கென்றும், வஞ்சித்தது நாலு மடங்காகத் திரும்புமென்றும் வாக்குக் கொடுத்தார். அவர் வேலையை விட்டாரென்று லூக்காஸ் எழுதவில்லை. விடும்படி ஆண்டவர் சொன்னதாகவும் எழுதவில்லை. ஸ்நாபக அருளப்பரிடம் வழி கேட்டு வந்த ஆயக்காரருக்கும், விதித்ததற்கு மேலே வாங்காதிருங்கள் என்ற அளவிலேயே விடை கிடைத்தது. அப்படியானால் நான் சக்கேயுவா, மத்தேயுவா? வாடியிலே இருந்துகொண்டு சரியாக எழுதுவதா, கொப்பியை வைத்துவிட்டு நடப்பதா?

ஆறாம் நூற்றாண்டின் இறுதியிலே பாப்பரசராயிருந்த பெரிய கிரகோரியாருடைய பிரசங்கமொன்றிலே இதனோடு தொடர்புடைய ஒரு கேள்வி வருகிறதென்று பின்னர் அறிந்தேன். உயிர்ப்புக்குப் பிறகு இராயப்பர் மீண்டும் வலை வீசப் போனார், மத்தேயு மீண்டும் சுங்கத்துறைக்குப் போகவில்லை, ஏன்? சில தொழில்களைப் பாவமின்றிச் செய்யலாம், சிலவற்றைச் செய்தல் அரிது என்பது அவர் தந்த விளக்கம். மீன்பிடிக்காரரின் மகனாகிய எனக்கு அதைக் கேட்டு ஒருபுறம் பெருமை; மற்றொரு புறம் சுடுகிற செய்தி. தந்தையார் இராயப்பரின் பக்கத்திலே. நான் மேசைக்குப் பின்னாலே.

முதலில் சக்கேயுவாக முயன்றேன். முதலாளியிடம் போய், இனிமேலாவது கிலோவுக்கு இரண்டே கால் றாத்தல் என்று, அல்லது உள்ளபடி எழுதலாமென்று கேட்டேன். அவரைக் கொடியவராகச் சித்திரிப்பது எனக்கு இலகு. ஆனால் அது உண்மையன்று. தொழில் இல்லாத கோடை மாதங்களிலே முற்பணம் கொடுத்துக் குடும்பங்களைத் தாங்கியவர் அவர். நடுச்சாமத்திலே பிரசவ வேதனைப்பட்ட பெண்களைத் தம் காரிலே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். “நீ சொல்லுறது நியாயந்தான் தம்பி. ஆனால் பக்கத்து வாடிக்காரன் இரண்டுதானே போடுறான்? கொழும்பிலை என்னட்டை வாங்கிறவனும் அப்பிடித்தான் விலை பேசுறான். நான் மட்டும் கூடப் போட்டால் இந்த வாடி எத்தினை மாதம் நிக்கும்? வாடி இல்லாட்டில் இவங்கள் ஆரட்டைப் போறது?” என்றார். அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. இன்றும் முழுமையான விடை இல்லை. உள்ளபடி எழுத முடியாதென்றால் நான் எழுதவில்லை என்று மட்டும் சொல்லிக் கொப்பியை மேசையிலே வைத்தேன். அந்த ஆறு ஆண்டுக் கணக்கைத் தனியாக ஒரு கொப்பியிலே முன்னரே பிரதி எடுத்திருந்தேன்.

இதைக் கேட்டு என் மனைவி மகிழ்ந்தாளென்று எழுத ஆசைதான். அவள் மூன்று மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. “இஞ்சாருங்கோ, உங்கடை ஆத்துமத்தை நீங்கள் மீட்டுப் போட்டியள், பிள்ளையளுக்கு நான் என்னத்தைக் காய்ச்சிறது?” என்று ஒருநாள் கேட்டாள். வாடியிலேயே இருந்து முதலாளியை நாளும் நச்சரித்து ஒரு கால் றாத்தலாவது கூட்டியிருக்கலாம் என்பது அவள் கட்சி. எனக்குப் பிறகு வந்தவன் ஒன்றும் கேட்காமல் இரண்டு றாத்தலே எழுதினான் என்பதை நினைக்கும்போது, அவள் கட்சியிலும் நியாயம் இருந்ததென்றே தோன்றுகிறது.

நான் சைக்கிளிலே பெட்டி கட்டி மீன் விற்கத் தொடங்கினேன். கரையிலே வாங்கி, உள்ளூர்களுக்குக் கொண்டுபோய் வீட்டுக்கு வீடு விற்பது. கைத்தராசு இப்போது என் கையிலே. நிறுக்கும்போது பெருவிரல் தட்டிலே படுவதற்கு எத்தனை சந்தர்ப்பம் உண்டென்பது அந்தத் தராசைப் பிடித்தவனுக்குத்தான் தெரியும். பெரும்பாலும் சைவ மக்கள் வாழும் கிராமங்கள் அவை. வெள்ளிக்கிழமைகளில் அங்கே மீன் விலைப்படாது. நமக்கோ வெள்ளிக்கிழமை இறைச்சி விலக்கு, மீன் கூடும். ஆகையால் வெள்ளிதோறும் வேதக்காரர் தெருக்களுக்கே போவேன். அங்கேதான் பேரம் அதிகம் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு கார்த்திகையிலே பொதுநிலையினரின் அப்போஸ்தலப் பணி பற்றித் தனி ஏடொன்றை வெளியிட்டது. உலக அலுவல்களுக்குள்ளே நின்றே அவற்றைக் கடவுளின் சித்தப்படி ஒழுங்கு செய்வது பொதுநிலையினரின் பணி என்பது அதன் சாரம். எங்கள் பங்கிலே அதைப் பற்றி வகுப்புகள் நடந்தன. விளைவாக வாசகம் வாசிக்க ஆட்கள் கூடினார்கள், சபைகள் கூடின, கூட்டங்கள் கூடின. நானும் அந்தக் கூட்டங்களின் விளைச்சலே. கோவிலுக்குள்ளே பொதுநிலையினருக்கு இடம் கிடைத்ததைக் கண்ட அளவுக்கு, சந்தைக்குள்ளே அவர்களுக்கு இருந்த வேலையை நாங்கள் காணவில்லை.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள் என்றே நான் எண்ணுகிறேன். 1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைப்பட்டதும் கத்தோலிக்கக் குருக்கள் விலக்கப்பட்டனர். யோசேவ் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் கோலத்திலே இந்த நாட்டுக்கு வந்தது 1687ஆம் ஆண்டிலே. இடையிலே ஏறக்குறைய முப்பது ஆண்டுகள். பூசையில்லை, திருநாளில்லை, கொடியேற்றமில்லை. அந்நாளிலே ஒருவன் வேதக்காரன் என்பதை எதனாற் கண்டிருப்பார்கள்? வீட்டிலே மறைவாகச் சொன்ன செபமாலையாலும், வெளியிலே அவன் நடந்துகொண்ட முறையாலுமே அன்றோ? அடிகளார் 2015ஆம் ஆண்டு கொழும்பிலே புனிதராகப் பிரகடனம் செய்யப்பட்ட நாளில் எங்கள் ஊரிலும் வெடி கொளுத்தினோம். அவர் வந்து கதவு தட்டும்வரை காத்திருந்த அந்தப் பெயரில்லாத மனிதருக்கு யார் வெடி கொளுத்துவார்?

இனி, திருப்பிக் கொடுத்த கதை. என் கொப்பியிலே ஏழு பெயர்கள். வாராவாரம் மீன் விற்ற காசிலே ஒரு பங்கை ஒரு பால்மாப் பேணியிலே போட்டு வந்தேன். எழுதிய ஆண்டின் விலைப்படியே திருப்பிக் கொடுப்பதென்று தீர்மானித்தேன். அதற்கு மேல் என்னால் இயலாது. ஆனால் அந்த ஆண்டுகளிலே காசின் பெறுமதி வீழ்ந்துகொண்டே வந்தது. அது எனக்கு வசதியாயிற்று. அவர்களுக்கு அது இன்னொரு குறை நிறை. இதை எழுதும்போதும் அது உறுத்துகிறது.

முதலிலே அரிசி வாங்கிய அந்த அம்மாவிடம் போனேன். விடயத்தைச் சொல்லிக் காசை நீட்டினேன். நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, “அப்ப இனி அரிசியை நிப்பாட்டிப் போடுவியளோ?” என்று கேட்டார். “இல்லை அக்கா” என்றேன். காசை வாங்கிக்கொண்டார். அவர் மன்னித்தாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. அதைக் கேட்கும் உரிமையும் எனக்கில்லை. இரண்டாமவர் காசை முற்றத்திலே வீசிவிட்டு ஊரெல்லாம் சொன்னார். அவர் பையன் அதைப் பொறுக்கி எடுத்ததை நான் கண்டேன். அன்றிலிருந்து எனக்கு “இரண்டு றாத்தல்” என்று ஒரு பட்டப்பெயர் உண்டாயிற்று. என் பேரப்பிள்ளைகளைக்கூட “இரண்டு றாத்தலின்ரை பேரன்” என்று சொல்வோர் இன்றும் இருக்கிறார்கள்.

பின்பு யுத்தம் வந்து கணக்கைக் கலைத்தது. 1995ஆம் ஆண்டு ஐப்பசி இறுதியிலே வலிகாமத்து மக்கள் யாவரும் ஓரிரவிலே எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது நாங்களும் நடந்தோம். செபப் புத்தகப் பையினுள்ளே அந்தக் கொப்பியும் இருந்தது. ஒரு குடும்பம் அதற்கு முன்னரே இந்தியாவுக்குப் போய் மண்டபம் முகாமிலே இருந்தது. அவர்களுடைய காசு ஒரு குருவானவர் மூலமாகப் போய்ச் சேர்ந்தது. ஒருவர் பிள்ளைகளோடு கனடாவிலே, “வைச்சுக்கொள்ளு தம்பி, இஞ்சை அதுக்கு ஒரு கோப்பி வரும்” என்று தொலைபேசியிலே சிரித்தார், ஆனாலும் அனுப்பினேன். 2002ஆம் ஆண்டு சமாதான காலத்திலே ஏ-9 பாதை திறந்ததும் மன்னாருக்குப் போய் ஒருவருடைய மகளைத் தேடிப் பிடித்தேன். ஒருவருடைய குடும்பத்தை மட்டும் எங்கும் காண முடியவில்லை. யுத்தம் முடிந்தும் மூன்று ஆண்டுகள் விசாரித்தேன். கடைசியில் அவர்களுடைய பங்கை வின்சென்ட் டி போல் சபையிலே கட்டினேன். “நன்கொடை” என்று பற்றுச்சீட்டு எழுதப்போன தனாதிகாரியைத் தடுத்து, நன்கொடையல்ல என்றேன். “அப்ப என்னண்டு எழுதிறது? வேறை நிரல் இல்லையே” என்றார் அவர். அவரையும் குறை சொல்ல முடியாது.

முதலாளி 1997ஆம் ஆண்டிலே கொழும்பிலே காலமானார். அவர் 1980ஆம் ஆண்டு தம் செலவிலே நாட்டித் தந்த கொடிமரம் இன்றும் கோவில் முன்றலிலே நிற்கிறது. அந்தக் கொடிமரத்துக்குள்ளே எத்தனை றாத்தல் இறால் இருக்கிறதென்று பங்குச் சபைக் கூட்டத்திலே ஒருமுறை கேட்டேன். ஆராயப்படும் என்று குறிப்பெழுதினார்கள். ஆண்டுகள் பல ஆகிவிட்டன. இப்போது கரையிலே மின் தராசு; அது பொய் சொல்லாது. ஆனால் நிறுத்த பிறகு தண்ணீர்க் கழிவென்று ஒரு தொகையைக் கழிக்கிறார்கள். அதை எழுதுகிற பொடியனும் ஞாயிற்றுக்கிழமை வாசகம் வாசிக்கிறவன்தான். அவனோடு பேசியிருக்கிறேன், பேசி முடியவில்லை.

பெரியையாவைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. வெட்கத்தினாலே நாலு ஆண்டுகள் அவர் வீட்டுப்படி ஏறாமல் ஒத்திப்போட்டேன். 1986ஆம் ஆண்டு மார்கழியிலே, நத்தாருக்கு முந்திய வாரம், காசை ஒரு கடுதாசி உறையிலே போட்டுக்கொண்டு போனேன். அவர் திண்ணையிலே வலை பொத்திக்கொண்டிருந்தார். நான் சொல்லத் தொடங்கியதும் கையமர்த்தினார்.

“எனக்குத் தெரியும் தம்பி.”

“எப்பிடிப் பெரியையா?”

“வீட்டிலை பழைய றாத்தல் தராசு கிடக்கு. நான் நிறுத்துப் பாத்துப் போட்டுத்தான் கொண்டாறனான்.”

எழுந்து என்னை உள்ளே அழைத்துப்போனார். கதவின் பின்புறத்துப் பலகையிலே, மேலிருந்து கீழ்வரை, கரியினாலே கீறிய கோடுகள், ஐந்தைந்தாக. ஒரு றாத்தல் குறைந்து சேரும்போதெல்லாம் ஒரு கோடு. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

“தெரிஞ்சும் ஏன் பெரியையா ஒண்டும் கேக்கேல்லை?”

“முதலாளியிட்டை முற்பணம் வாங்கியிருந்தன். கேட்டால் அடுத்த கோடைக்கு என்ன செய்யிறது?” சற்று நின்று, “மற்றது, எழுதிறவன் நீ. நீயல்லோ சொல்ல வேணும்” என்றார்.

உறையை வாங்கிப் பிரித்தார். எத்தனை றாத்தலுக்கென்று கேட்டார். 151 என்றேன். கதவைச் சாத்தி, விரலை வைத்து, ஒவ்வொரு கோடாக எண்ணினார். எண்ணி முடித்து, மறுபடியும் மேலிருந்து தொடங்கினார். பின்பு ஒரு றாத்தலுக்குரிய காசைப் புறம்பாக எடுத்து என் கையிலே வைத்தார்.

“நூற்றம்பது. இது கூடிப்போச்சு, கொண்டு போ.”

கணக்குச் சரி பெரியையா, கொப்பியிலே உள்ளபடிதான் என்று நான் வாதாடினேன். அவர் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து விளக்கைக் கொளுத்திக் கொப்பியைத் திறந்தேன். 1979ஆம் ஆண்டுப் பக்கத்திலே ஒரு கூட்டற் பிழை இருந்தது.